பழைய சவரக்கத்தியைச் சீர்செய்தலும் புதுப் பிடி இடுதலும்

(கைத்தொழிற் பாடம்)

1990ஆம் ஆண்டு ஆனி மாதத்திலும் 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவிலும் வலிகாமத்து மக்கள் வீடுவாசலை விட்டுப் புறப்பட்டபோது, கையில் எடுத்தவை காணி உறுதியும், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும், ஒரு சாக்கு அரிசியுமே. இரும்புச் சாமான்கள் பின்னே நின்றுவிட்டன. புத்தூர்ப் பகுதிக்கு மக்கள் 1996இல் திரும்பினர். வலிகாமம் வடக்கின் காணிகளோ 2009இற்குப் பின்னரே கட்டங் கட்டமாக விடப்பட்டன. இன்னும் விடப்படாதவையும் உண்டு. திரும்பியவர்கள் இடிந்த வீட்டின் மாடத்திலோ, உக்கிய பெட்டகத்திலோ கண்டெடுப்பவற்றுள் ஒன்று பாட்டனாரின் மடக்குச் சவரக்கத்தி. துருப்பிடித்து, பிடி பிளந்து கிடக்கும். பழைய இரும்பு வாங்குபவர் அதை நிறுத்தே விலை சொல்வார். ஏறக்குறைய 60 கிராம் நிறையுள்ள ஒரு பொருளுக்கு நிறுவையில் என்ன கிடைக்கும்? மிகச் சொற்பமே. ஆனால் அந்தக் கத்தியின் உருக்கு, இன்று கடையில் வாங்கும் பல கத்திகளின் உருக்கை விட மேலானது. அதைச் சீர்செய்யும் வழியை இப்பாடத்தில் படிப்போம்.

தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை. நெடுங்காலம் ஆளில்லாதிருந்த வளவுகளில் இரும்பு தேடி மண்ணைக் கிளறக் கூடாது. வெடிபொருள் எதுவும் கண்ணிற் பட்டால் தொடாமல், கிராம அலுவலருக்கோ பொலிஸாருக்கோ அறிவிக்க வேண்டும். எந்தக் கத்தியும் ஒரு கையை விடப் பெறுமதியானதல்ல.

1. கத்தியை அறிதல்

மடக்குச் சவரக்கத்திக்கு இரண்டு பகுதிகள்: அலகு, பிடி. அலகின் ஒரு பக்கம் கூர். மறுபக்கம் தடித்த முதுகு. இரு பக்கமும் உட்குழிவாகச் சாணை பிடித்திருப்பதால் கூரை அண்டிய பகுதி கடதாசி போல் மெல்லியது. பிடி என்பது இரண்டு மெல்லிய தகடுகள். ஒரு முனையில் அலகு சுழலும் ஆணியும், மறுமுனையில் தகடுகளை விலக்கி நிறுத்தும் சிறு ஆப்பும் இருக்கும்.

அலகின் கழுத்தில் எழுத்துகள் பொறித்திருக்கும். இங்கிலாந்தின் ஷெபீல்ட், ஜேர்மனியின் சோலிங்கன் ஆகிய இரு நகரங்களின் பெயர்களே அதிகம் காணப்படும். ஷெபீல்டில் 1740களில் பெஞ்சமின் ஹன்ற்ஸ்மன் என்பவர் மூசையில் உருக்கை உருக்கி வார்க்கும் முறையைக் கண்டார். அதன் பின்னரே இத்தகைய சீரான அலகுகள் பெருகின. 1890இல் அமெரிக்கா இயற்றிய தீர்வைச் சட்டம் இறக்குமதிப் பொருள்களில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றது. ஆகவே 'இங்கிலாந்து' என்ற சொல் பொறித்த கத்தி பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. 1904இல் ஜிலெற் என்பவர் மாற்றத்தக்க தகடு கொண்ட சவரக்கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அதன் பிறகு மடக்குக் கத்தி மெல்ல மெல்ல வீடுகளை விட்டு நீங்கியது. சவரத் தொழிலாளரின் பெட்டியில் மட்டும் நெடுங்காலம் தங்கியது.

அந்தப் பெட்டியைத் தூக்கியவரை ஊர் தாழ்வாக நடத்தியதையும் நாம் மறைக்கலாகாது. இந்த அலகைத் தோலிலும் கல்லிலும் தீட்டும் நுட்பம் அவர்களின் கையறிவு. இன்று நாம் கற்பது அவர்களிடமிருந்தே.

2. சீர்செய்யத் தகுந்ததா?

வேலைக்கு முன் மூன்றைப் பார்க்க வேண்டும்.

அ) வெடிப்பு: அலகை வெயிலில் பிடித்துக் கூரின் ஓரம் முழுவதையும் பார்க்கவும். கூரிலிருந்து மேல்நோக்கி மயிரிழை போன்ற வெடிப்பு இருந்தால் அக் கத்தி சவரத்துக்கு உதவாது.

ஆ) துருக்குழி: பக்கங்களில் உள்ள குழிகள் அழகைக் கெடுக்குமேயன்றி வேலையைக் கெடுக்கா. கூரின் ஓரத்திலேயே ஆழமான குழிகள் இருந்தால், தீட்டத் தீட்ட கூர் உதிரும்.

இ) தீப்பட்ட கத்தி: எரிந்த வீட்டில் எடுத்த அலகை ஐயத்தோடு பார்க்க வேண்டும். சூடு ஏறக்குறைய 200 பாகை செல்சியஸைத் தாண்டினால் உருக்கு மஞ்சளாகும். 300ஐ அண்டினால் நீலமாகும். நிறம் மாற மாற வன்மை குறையும். மெல்லிய அரத்தால் முதுகில் ஒருமுறை இழுத்துப் பார்க்கவும். அரம் வழுக்கினால் உருக்கு நல்லது. எளிதாகக் கடித்தால் வன்மை போய்விட்டது. அத்தகைய கத்தியை நினைவுப் பொருளாக வைத்திருக்கலாம், கூர் நில்லாது.

3. துரு நீக்கல்

முதலில் பிடியைக் கழற்ற வேண்டும். நெம்பினால் அலகு முறியும். ஆணியின் தட்டிய தலையை அரத்தால் மட்டமாக அராவி, துளையிட்ட பலகையின் மேல் வைத்து, மெல்லிய கம்பியால் தட்டி வெளியேற்றவும். உடைந்த பழைய பிடியை எறிய வேண்டாம். அதுவே புதிய பிடிக்கு அளவு. பழைய ஆப்பு ஈயமாக இருக்கக் கூடும். அதை அராவக் கூடாது. தொட்ட கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும்.

அலகை ஒரு பகல் ஓர் இரவு மண்ணெண்ணெயில் ஊறவிட்டுச் சவர்க்கார நீரில் கழுவித் துடைக்கவும். பின்பு கூரின் மேல் ஒட்டுநாடா ஒட்டி, அலகைப் பலகையில் மட்டமாகப் படுத்தி, நனைத்த அரத்தாளால் நீளப்பாட்டில் தேய்க்கவும். கூரை நோக்கி ஒருபோதும் தேய்க்கக் கூடாது. 400, 600, 1000, 2000 என்ற இலக்கங்களை இந்த ஒழுங்கிலேயே பயன்படுத்தவும். முந்திய தாளின் கீறல் முற்றாக மறைந்த பின்னரே அடுத்த தாளுக்குப் போக வேண்டும். பழைய றப்பர்ச் செருப்பின் துண்டொன்றில் தாளைச் சுற்றினால் உட்குழிவில் நன்கு பொருந்தும்.

சுழலும் சாணையில் பிடிப்பது பெரும் பிழை. மெல்லிய கூர் ஒரு நொடியில் சூடேறி நீலமாகும். நூறு ஆண்டு நின்ற உருக்கு அந்த நொடியிற் கெடும்.

4. புதுப் பிடி

பழைய பிடிகள் கொம்பு, எலும்பு, தந்தம், ஆமையோடு, செலுலொயிட் முதலியவற்றால் ஆனவை. தந்தமும் ஆமையோடும் இன்று சட்டத்தால் தடுக்கப்பட்ட வணிகம். அவற்றை வாங்கவோ விற்கவோ வேண்டாம். செலுலொயிட் எளிதில் தீப்பற்றும். பழுதடையும்போது அதிலிருந்து வெளிவரும் ஆவி அலகையே அரிக்கும். அவ்வாறு வெடித்துப் பொரிந்த பிடியை அகற்றிவிடுவதே நல்லது.

நமக்கு ஏற்றது பனை. பனையை இதற்கென்று தறிக்க வேண்டியதில்லை. அனுமதியின்றித் தறிக்கவும் கூடாது. இடிந்த வீட்டின் கூரையிலிருந்து விழுந்த சிலாகை ஒன்றே பல பிடிகளுக்குப் போதும். பல ஆண்டு உலர்ந்த வைரம் அது, இனி முறுகாது. கறுப்பு நார் நெருங்கிய வெளிப்பக்கத் துண்டைத் தெரிவு செய்யவும். உட்பக்கம் சோற்றி, அது பயன்படாது.

செய்முறை:

(1) நார் நீளப்பாட்டில் ஓடும்படி, ஏறக்குறைய 150 மில்லிமீற்றர் நீளமும் 20 அகலமும் 3 தடிப்புமான இரண்டு தகடுகளை அறுக்கவும்.

(2) இரண்டையும் இருபுறமும் ஒட்டும் நாடாவால் ஒன்றாக ஒட்டி, பழைய பிடியின் வடிவத்தை வரைந்து, ஒன்றாகவே அராவவும். அப்போதுதான் இரண்டும் ஒத்திருக்கும்.

(3) துளைகளையும் ஒட்டிய நிலையிலேயே இடவும். பித்தளைக் கம்பி 1.6 மில்லிமீற்றர் அளவு போதும். பனை நாரோட்டத்தில் பிளக்கும். ஆகவே துளை ஓரத்துக்கு மிக அருகில் வரக்கூடாது, துளையூசியை அழுத்தவும் கூடாது.

(4) தகடுகளைப் பிரித்து, அரத்தாளால் மினுக்கி, ஆளிவிதை எண்ணெய் (லின்சீட் ஒயில்) பூசி உலரவிடவும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி வைத்தால் தானாகத் தீப்பற்றும். விரித்து வெளியே உலர்த்தவும்.

(5) வால்முனையில் மெலிந்து செல்லும் ஆப்பை இட்டு ஆணி அடிக்கவும். ஆப்பின் சரிவே தகடுகளைச் சற்று வளைத்து, அலகு நடுவில் தொடாமல் நிற்கச் செய்கிறது.

(6) கடைசியாகச் சுழலும் ஆணி. இருபுறமும் சிறு பித்தளை வளையம் இட்டு, கம்பியை 1 மில்லிமீற்றர் வெளியே நிற்கும்படி வெட்டி, சிறிய சுத்தியலால் மெதுவாகப் பலமுறை தட்டித் தலை பரப்பவும். அலகு வைத்த இடத்தில் நிற்க வேண்டும்; தொங்கினால் இன்னும் தட்ட வேண்டும்.

மரத்தூளும் கொம்புத்தூளும் நெஞ்சுக்கு ஆகாதவை. மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளவும்.

5. தீட்டுதல்

அரிவாளும் கொடுவாக்கத்தியும் தீட்டும் கரடான கல் இதற்கு உதவாது. 1000, 4000, 8000 இலக்கக் கற்கள் வேண்டும். விலை அதிகமாதலால் ஐந்தாறு குடும்பங்கள் கூடி ஒரு தொகுதி வாங்கலாம். கல் முற்றிலும் மட்டமாக இருக்க வேண்டும்.

இக்கத்தியில் ஒரு நுட்பம் உண்டு. முதுகும் கூரும் இரண்டும் ஒருங்கே கல்லில் படும்படி வைத்தால் கோணம் தானாகவே அமைந்துவிடும். அலகு 16 மில்லிமீற்றர் அகலமும் முதுகு 4.5 மில்லிமீற்றர் தடிப்புமானால், கூரின் கோணம் ஏறக்குறைய 16 பாகை. முதுகை ஒருபோதும் உயர்த்த வேண்டாம். கூர் முன்செல்ல, அழுத்தாமல், இருபக்கமும் சமமாகத் தீட்டவும். முடிவில் தோல்பட்டையில் முதுகு முன்செல்ல ஐம்பது முறை இழுக்கவும். முன்கை மயிரைத் தொட்டவுடன் அறுத்தால் கூர் வந்துவிட்டது.

6. பேணலும் நலமும்

நமது கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறுவது. நிலாவரைக் கிணற்றிலே மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதை நாம் அறிவோம். வாதரவத்தைப் பக்கத்துக் காற்றிலும் உப்பு உண்டு. கழுவிய அலகில் நீர் உலர்ந்தால் உப்பு தங்கும், துரு தொடங்கும். மழைநீரால் அலசி, உடனே துடைத்து, ஒரு துளி எண்ணெய் தடவி வைக்கவும்.

ஒரு கத்தி ஒருவருக்கு மட்டுமே. ஈரல் அழற்சி 'பி' கிருமி உலர்ந்த பரப்பிலும் 7 நாட்கள் உயிர்வாழும். ஈரல் அழற்சி 'சி', எச்.ஐ.வி. ஆகியனவும் இரத்தம் வழியே தொற்றும். ஆகவே சீர்செய்த கத்தியைச் சலூனில் பலருக்குப் பாவிக்கக் கூடாது. அங்கே ஒவ்வொருவருக்கும் புதுத் தகடே வேண்டும். வேலையின்போது ஆழமாக வெட்டுப்பட்டால் வைத்தியசாலையில் ஏற்புவலித் தடுப்பூசி பெறவும்.

7. வருமானம்

இதனால் ஒரு குடும்பம் வாழ முடியும் என்று நாம் சொல்லவில்லை. வெளிநாட்டில் உள்ள உறவினர் தம் தகப்பனின் கத்தியைச் சீர்செய்து தரக் கேட்பார்கள்; பழம்பொருள் சேர்ப்போரும் உண்டு. அது மழைக்கால ஓய்வில் கிடைக்கும் மேலதிகப் பணம் மட்டுமே. ஆனால் ஆணி அடிக்கவும், பிடி இடவும், மட்டமாகத் தீட்டவும் பழகிய கைக்குச் சத்தகமும், பாளைக்கத்தியும், மண்வெட்டியும் எளிதாகும். ஒவ்வொரு போகத்திலும் பிடி உடைந்த ஆயுதத்தை எறிந்துவிட்டுப் புதிதாக வாங்கும் செலவு நின்றுவிடும். கடனோடு மீள்குடியேறிய குடும்பத்துக்கு அது சிறு தொகையல்ல.

குழுவாகக் கலந்துரையாட

- உங்கள் வீட்டில் பழுதடைந்த கைக்கருவிகள் எவை? அவற்றுள் எவற்றைச் சீர்செய்யலாம்?
- உங்கள் ஊரில் தீட்டவும் பிடி இடவும் அறிந்த முதியவர் யார்? அவரிடம் இளையோர் கற்பதற்கு எது தடையாக உள்ளது?
- தீட்டுக்கற்களையும் அரங்களையும் பொதுவில் வாங்கி வைத்தால், அவற்றைப் பொறுப்பேற்பவர் யார்?
- இடிந்த வீட்டிலிருந்து எடுத்த பொருள்களில் எதை விற்பது, எதை வைத்திருப்பது என்று எப்படித் தீர்மானிப்பீர்கள்?