திருத்துவதும் திருந்துவதும்: புண்படுத்தாமல் சொல்வோம், புண்படாமல் கேட்போம்

 

  

நம் பகுதி மஹல்லாக்களில் ஜமாஅத் வரைக்கும் வந்து சேரும் மனத்தாங்கல்களைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சொத்துத் தகராறு இருக்கும், கொடுக்கல் வாங்கல் இருக்கும். ஆனால் இன்னும் பல பிரச்சினைகளின் ஆரம்பம் ஒரே ஒரு வார்த்தையாக இருக்கும். "ஒளு செய்யக்கூடத் தெரியாதா உனக்கு?" "இத்தனை வருஷமாத் தொழுது இதுதான் லட்சணமா?" "பிள்ளையை இப்படியா வளர்ப்பாங்க?"

சொன்னவரைக் கேட்டால், "நான் மார்க்கத்தைத்தானே ஹஜ்ரத் சொன்னேன்" என்பார். கேட்டவரைக் கேட்டால், "நாலு பேர் முன்னாடி என் மானத்தை வாங்கிட்டாரு" என்பார். அடுத்த வெள்ளிக்கிழமை ஒருவர் வேறு பள்ளிக்குப் போகிறார். சில பேர் எந்தப் பள்ளிக்கும் போவதில்லை. ஒரு வார்த்தையால் ஒரு மனிதர் தொழுகையை விட்டுத் தூரமாகிறார் என்றால், அது சாதாரண விஷயம் அல்ல. எனவே தவறைச் சுட்டிக்காட்டுபவரின் ஒழுக்கம் என்ன, சுட்டிக்காட்டப்பட்டவரின் ஒழுக்கம் என்ன என்ற இரண்டையும் இன்று பார்ப்போம்.

சொல்லாமல் இருந்துவிடலாமா?

"எதுக்கு வம்பு, யார் எப்படிப் போனால் நமக்கென்ன" என்று ஒதுங்கிவிடலாம் என்று சிலருக்குத் தோன்றும். அதற்கு மார்க்கத்தில் இடமில்லை. தீன் என்பதே நஸீஹத், அதாவது பிறருக்கு நலம் நாடுவதுதான் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்தார்கள் (அறிவிப்பவர்: தமீமுத்தாரீ (ரலி), நூல்: முஸ்லிம்). ஒரு முஃமின் இன்னொரு முஃமினுக்குக் கண்ணாடி போன்றவர் என்றும் சொன்னார்கள் (நூல்: அபூதாவூத்).

கண்ணாடி என்ன செய்கிறது? முகத்தில் கரி இருந்தால் காட்டுகிறது. இருக்கிற அளவுக்குத்தான் காட்டுகிறது, கூட்டிக் காட்டுவதில்லை. எதிரில் நிற்பவருக்கு மட்டும் காட்டுகிறது. அவர் நகர்ந்த பிறகு அடுத்து வருபவரிடம் "முன்னால் வந்தவர் முகத்தில் கரி இருந்தது" என்று சொல்வதில்லை. நாம் திருத்தும் முறை இந்தக் கண்ணாடி போல இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

ஒரு தும்மலில் தொடங்கிய பாடம்

முஆவியா இப்னுல் ஹகம் அஸ்ஸுலமீ (ரலி) என்ற ஸஹாபி புதிதாக இஸ்லாத்துக்கு வந்தவர். நபி (ஸல்) அவர்களுக்குப் பின்னால் ஜமாஅத்தில் நிற்கிறார். பக்கத்தில் ஒருவர் தும்முகிறார். இவர் தொழுகையிலேயே சத்தமாக 'யர்ஹமுகல்லாஹ்' என்று சொல்லிவிடுகிறார். எல்லோரும் ஓரக்கண்ணால் இவரை முறைக்கிறார்கள். இவருக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன இது, ஏன் என்னை இப்படிப் பார்க்கிறீர்கள்" என்று தொழுகைக்குள்ளேயே மறுபடியும் பேசுகிறார். அவர்கள் தொடையில் தட்டி இவரை அடக்கப் பார்க்கிறார்கள். இவர் அமைதியாகிவிடுகிறார்.

தொழுகை முடிந்தது. நபி (ஸல்) அவர்கள் இவரை அழைத்தார்கள். கடுகடுக்கவில்லை, அடிக்கவில்லை, ஏசவில்லை. இந்தத் தொழுகையில் மனிதர்களின் பேச்சுக்கு இடமில்லை, இது தஸ்பீஹும் தக்பீரும் குர்ஆன் ஓதுவதும்தான் என்று மட்டும் சொன்னார்கள். அவர்களைப் போன்ற ஓர் அழகிய ஆசிரியரை அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை என்று இவரே சொல்கிறார் (நூல்: முஸ்லிம்).

இந்த ஹதீஸைப் பெரும்பாலும் இத்துடன் நிறுத்திவிடுகிறோம். அதன் பிற்பகுதியையும் பாருங்கள். அந்த மனிதர் எழுந்து போய்விடவில்லை. அங்கேயே இருந்து கேள்வி கேட்க ஆரம்பிக்கிறார். எங்களில் சிலர் குறிகாரர்களிடம் போகிறார்களே, சகுனம் பார்க்கிறார்களே என்று கேட்கிறார். கடைசியில், யாரும் கேட்காமலேயே, தன் மனதில் கிடந்த ஒன்றைச் சொல்கிறார். அவருடைய ஆடுகளை மேய்த்த ஓர் அடிமைப்பெண் இருந்தாள். ஓர் ஆட்டை ஓநாய் கொண்டுபோன கோபத்தில் அவளை இவர் அறைந்துவிட்டார். நபி (ஸல்) அவர்கள் அதைப் பெரிய குற்றமாகக் கருதினார்கள். அவளை அழைத்துவரச் செய்து, அவளுடைய ஈமானை விசாரித்துவிட்டு, விடுதலை செய்யும்படி சொன்னார்கள்.

யோசியுங்கள் சகோதரர்களே! தொழுகையில் பேசியதற்காக அன்று அவரை எல்லோர் முன்னிலையிலும் வெளுத்து வாங்கியிருந்தால், அவர் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார். குறி கேட்பதும் சகுனம் பார்ப்பதும் அப்படியே இருந்திருக்கும். அறை வாங்கிய அந்தப் பெண்ணின் விஷயமும் வெளியே வந்திருக்காது. முதல் தவறை மென்மையாகத் திருத்தியதால், அதைவிடப் பெரிய தவறை அவரே கொண்டுவந்து முன்னால் வைத்தார். ஒரு பெண்ணுக்கு விடுதலை கிடைத்தது.

நம் பள்ளிக்கு முதல் தடவையாக வருகிற வாலிபரை இந்தக் கண்ணோடு பாருங்கள். கை கட்டும் இடம் தவறாக இருக்கலாம், சஃப்பில் நிற்கத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் அவர் உள்ளத்தில் வேறு ஒரு பெரிய பாரம் இருக்கும். வட்டிக் கடனாக இருக்கலாம், குடிப்பழக்கமாக இருக்கலாம், அத்தா அம்மாவோடு பேசாமல் இருக்கலாம். சின்ன விஷயத்தில் நாம் காட்டும் முகத்தைப் பார்த்துத்தான் பெரிய விஷயத்தை நம்மிடம் சொல்லலாமா என்று அவர் முடிவு செய்வார்.

நம் கம்பம் பள்ளத்தாக்கில் வயல் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். நாற்றங்காலுக்குத் தண்ணீர் அவசியம்தான். அதற்காக மடையை ஒரேயடியாகத் திறந்துவிட்டால் நாற்று சாய்ந்து போகும். தண்ணீர் தேவையா என்பதில் அங்கே சந்தேகமே இல்லை. எவ்வளவு, எப்படி என்பதில்தான் விவசாயியின் அனுபவம் இருக்கிறது.

முதலில் அது தவறுதானா?

திருத்துகிறவருக்கு முதல் நிபந்தனை இல்ம். நமக்குப் பழக்கமில்லாதது எல்லாம் தவறு அல்ல.

இதற்கு உதாரணம் தேட நாம் தூரம் போகவேண்டியதில்லை. நம் பகுதி ராவுத்தர் ஜமாஅத்துகள் பெரும்பாலும் ஹனஃபீ மத்ஹபைப் பின்பற்றுபவை. மலை ஏறிக் குமுளிக்குப் போனால் மலையாளச் சகோதரர்கள் பெரும்பாலும் ஷாஃபிஈ மத்ஹப். ஏலத்தோட்ட வேலைக்கும் வியாபாரத்துக்கும் தினமும் மேலே போய் வருபவர்கள் நம்மில் ஏராளம். அங்கே சுப்ஹு தொழுகையில் குனூத் ஓதுவார்கள். ருகூவுக்குப் போகும்போதும் எழும்போதும் கை உயர்த்துவார்கள். ஆமீனைச் சத்தமாகச் சொல்வார்கள். அஸர் பாங்கும் நம் ஊரை விட முன்னதாகவே கேட்கும்.

ஏன்? நடுப்பகல் நிழல் போக, ஒரு பொருளின் நிழல் அதன் அளவுக்கு ஒரு மடங்கு ஆனதும் அஸர் வந்துவிடும் என்பது இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் சட்டம். இரண்டு மடங்கு ஆகவேண்டும் என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் சட்டம். அபூஹனீஃபா இமாமின் இரு மாணவர்களான அபூயூசுஃப், முஹம்மத் (ரஹ்) இருவருமே ஒரு மடங்கு என்ற கருத்தில்தான் இருந்தார்கள். உஸ்தாதுக்கு மாற்றமான கருத்தைச் சொன்னார்கள். உஸ்தாதின் மரியாதை ஒரு துளியும் குறையவில்லை.

இன்னொன்று. திராட்சைத் தோட்டத்தில் கவாத்து செய்யும்போது கத்தி பட்டு இரத்தம் வழிகிறது. ஹனஃபீ சட்டப்படி ஒளு முறிந்துவிட்டது. ஷாஃபிஈ சட்டப்படி முறியவில்லை. அவர் கையைக் கழுவிவிட்டு நேராகத் தொழப் போகிறார். "ஒளு இல்லாமல் தொழுகிறாயே" என்று நீங்கள் சத்தம் போட்டால் தவறு செய்தது அவரல்ல, நீங்கள்தான்.

இமாம்கள் கருத்து வேறுபட்ட விஷயத்தில், ஒரு மத்ஹபின்படி செய்பவரைத் தவறு செய்தவராக ஆக்கிக் கண்டிக்கக் கூடாது என்பது உலமாக்கள் வகுத்த விதி. ஷாஃபிஈ இமாமுக்குப் பின்னால் சுப்ஹு தொழும் ஹனஃபீ, அவர் குனூத் ஓதும்போது அமைதியாக நின்றுகொண்டால் போதும்.

உஸ்மான் (ரலி) அவர்கள் மினாவில் கஸ்ராக இரண்டு ரக்அத் தொழாமல் நான்கு ரக்அத் தொழவைத்தபோது, இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களுக்கு அதில் உடன்பாடு இல்லை. நபி (ஸல்) அவர்களோடு இங்கே இரண்டு ரக்அத்தான் தொழுதேன் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். ஆனால் தொழும்போது அவர்களும் நான்குதான் தொழுதார்கள். காரணம் கேட்டபோது, பிரிந்து நிற்பது தீங்கு என்றார்கள் (நூல்: அபூதாவூத்). கருத்தையும் விடவில்லை, ஜமாஅத்தையும் விடவில்லை.

எங்கே சொல்வது? எப்படிச் சொல்வது?

ஃபிர்அவ்னிடம் அனுப்பும்போதுகூட மென்மையாகப் பேசும்படி மூஸா (அலை), ஹாரூன் (அலை) இருவருக்கும் அல்லாஹ் கட்டளையிட்டான் (அல்குர்ஆன் 20:44). நாம் மூஸா நபியை விடச் சிறந்தவர்கள் அல்ல. நம் எதிரில் இருப்பவர் ஃபிர்அவ்னை விடக் கெட்டவரும் அல்ல.

தனியாகச் சொல்லுங்கள். நாலு பேர் முன்னால் சொன்னால் அவருடைய கவனம் தவறின் மீது போகாது, அந்த நாலு பேரின் மீதுதான் போகும். தன் தவறை உணர்வதற்குப் பதிலாகத் தன் மானத்தைக் காப்பாற்றவே பாடுபடுவார்.

பொதுவில் சொல்லியே ஆகவேண்டும் என்றால் ஆளைக் குறிக்காமல் சொல்லுங்கள். தொழுகையில் சிலர் வானத்தை அண்ணாந்து பார்த்தபோது, சிலருக்கு என்ன நேர்ந்தது, இப்படிச் செய்கிறார்களே என்று பொதுவாகத்தான் நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள் (நூல்: புகாரி). பெயரைச் சொல்லாமல், ஆனால் யாரென்று ஊருக்கே புரியும்படி சாடையாகப் பேசுவது இந்த சுன்னத்தில் சேராது. இது மிம்பரில் நிற்கும் எங்களுக்கும் பொருந்தும்.

நன்மையைச் சேர்த்துச் சொல்லுங்கள். அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்களைப் பற்றி, அவர் நல்ல மனிதர், இரவிலும் தொழுதால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். அதன் பிறகு அவர் இரவில் குறைவாகவே தூங்கினார் (நூல்: புகாரி).

அதே சமயம் ஒன்றை மறக்கக் கூடாது. ஒருவர் இன்னொருவரின் பணத்தை ஏமாற்றுகிறார், அநியாயம் செய்கிறார் என்றால், அங்கே மறைப்பது ஒழுக்கமல்ல. பாதிக்கப்பட்டவர் முறையிட வேண்டிய இடத்தில் முறையிடலாம். அவருக்காக நாமும் பேச வேண்டும்.

சொன்னால் கோபம் வருகிறதா?

இப்போது மறுபக்கம். எல்லோரும் அழகாகவே சொல்வார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. சொன்ன முறை தவறாக இருந்தாலும் சொன்ன விஷயம் சரியாக இருக்கலாம். "நீ என்ன பெரிய யோக்கியனா, உன் வேலையைப் பாரு" என்று பதில் சொல்லிவிட்டால், அந்த நேரத்தில் ஜெயித்தது போல இருக்கும். ஆனால் அல்லாஹ்வைப் பயந்துகொள் என்று சொல்லப்பட்டால் கௌரவம் பிடித்துப் பாவத்திலேயே நிற்பவனை அல்லாஹ் எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறான் என்பதைப் பாருங்கள் (அல்குர்ஆன் 2:206).

உமர் (ரலி) அவர்கள் கலீஃபாவாக இருக்கிறார்கள். உயைனா என்ற தலைவர் வந்து, நீங்கள் எங்களுக்கு வாரி வழங்குவதுமில்லை, நீதியாகத் தீர்ப்பளிப்பதுமில்லை என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். இது நியாயமான விமர்சனம் அல்ல, அவதூறு. உமர் (ரலி) அவர்கள் தண்டிக்க எண்ணும் அளவுக்குக் கோபமடைந்தார்கள். பக்கத்திலிருந்த ஹுர்ரு இப்னு கைஸ் (ரலி), மன்னிப்பை மேற்கொள்ளும்படியும் அறிவீனர்களைப் புறக்கணிக்கும்படியும் கட்டளையிடும் வசனத்தை (7:199) ஓதிக்காட்டினார். அவ்வளவுதான். அதைத் தாண்டி உமர் (ரலி) ஓரடி வைக்கவில்லை. அல்லாஹ்வின் வேதத்துக்கு முன்னால் அப்படியே நின்றுவிடுபவராக இருந்தார்கள் (நூல்: புகாரி).

அபூதர் (ரலி) அவர்கள் ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இழிவாகப் பேசிவிட்டார்கள். உம்மிடம் இன்னும் ஜாஹிலிய்யத்தின் குணம் இருக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். சூடான கண்டிப்புதான். அடிமைகளும் உங்கள் சகோதரர்களே, நீங்கள் உடுத்துவதையே அவர்களுக்கும் உடுத்தக் கொடுங்கள் என்றும் சொன்னார்கள். பின்னொரு காலத்தில் ரபதா என்ற ஊரில் அபூதர் (ரலி) அவர்களைப் பார்த்தவர், அவரும் அவருடைய பணியாளரும் ஒரே மாதிரியான ஆடை அணிந்திருப்பதைக் கண்டு காரணம் கேட்டார். அப்போது அபூதர் (ரலி) தன்னைக் கண்டித்த அந்தச் சம்பவத்தைத் தானே எடுத்துச் சொன்னார்கள் (நூல்: புகாரி). வாங்கிய கண்டிப்பை மறைக்கவில்லை. அதை ஆயுள் முழுக்க உடுத்திக்கொண்டார்கள்.

மூன்று நாளுக்கு மேல் வேண்டாம்

மனிதர்கள்தான், வார்த்தை தடித்துவிடலாம். அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) இருவருக்கும் இடையிலேயே ஒருமுறை பேச்சு முற்றியது. அபூபக்ர் (ரலி) உடனே வருந்தி மன்னிப்புக் கேட்டார்கள். உமர் (ரலி) அப்போது மன்னிக்கவில்லை. பிறகு மனம் கேட்காமல் அபூபக்ர் (ரலி) அவர்களின் வீட்டைத் தேடிப் போனார்கள். அங்கே இல்லாததால் நபி (ஸல்) அவர்களின் சபைக்கு வந்தார்கள். நபியவர்களின் முகம் மாறுவதைக் கண்டதும், அபூபக்ர் (ரலி) மண்டியிட்டு, நான்தான் அதிகம் தவறு செய்தேன் என்றார்கள் (நூல்: புகாரி). யார் மீது தவறு அதிகம் என்று அங்கேயும் ஒரு போட்டி நடந்தது. ஆனால் ஒவ்வொருவரும் தவறைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்கள்.

ஒரு முஸ்லிம் தன் சகோதரரை மூன்று இரவுகளுக்கு மேல் வெறுத்து ஒதுங்கியிருப்பது ஆகுமானதல்ல, இருவரில் சிறந்தவர் முதலில் ஸலாம் சொல்பவரே (நூல்: புகாரி). திங்களும் வியாழனும் சுவனத்தின் கதவுகள் திறக்கப்பட்டு, இணைவைக்காத அடியார்களுக்கு மன்னிப்பு வழங்கப்படுகிறது. பகை பாராட்டும் இருவரின் விஷயம் மட்டும், அவர்கள் சமாதானமாகும் வரை நிறுத்திவைக்கப்படுகிறது (நூல்: முஸ்லிம்). ஒரு வார்த்தைக்காக எத்தனை திங்கள், எத்தனை வியாழன் நமக்குக் கைநழுவிப் போயிருக்கும்?

இன்று ஜும்ஆ முடிந்ததும் ஒரு வேலை செய்யுங்கள். நீங்கள் பேசாமல் இருக்கும் ஒருவர் இதே மஹல்லாவில் இருப்பார். காரணம் யார் என்ற விசாரணை வேண்டாம். அவரைத் தேடிப் போய் முதல் ஸலாத்தை நீங்கள் சொல்லுங்கள்.

பிறர் குறையைக் காணும்போது கண்ணாடியாக இருக்கவும், நம் குறையைப் பிறர் காட்டும்போது நன்றியோடு ஏற்கவும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! நம் வார்த்தையால் பள்ளியை விட்டுத் தூரமானவர்களை மீண்டும் சஃப்புக்குள் கொண்டுவந்து சேர்ப்பானாக! ஆமீன்.