பணிமனையில் தீப்புண்: முதல் 20 நிமிடங்கள்

மேல்நிலை வகுப்புகளில் தொழிற்கல்வி பயிலும் மாணவர்கள் சால்டரிங் அயர்ன், வெல்டிங் கருவி, சூடான தகடு ஆகியவற்றைக் கையாளுகின்றனர். வெல்டிங் செய்த தகடு, சிவப்பு மறைந்து கறுத்த பின்னும் கையைச் சுடும். சுட்டவுடன் பலர் தேடுவது பற்பசையை. தேட வேண்டியது தண்ணீர்க் குழாயை.

ஏன் தண்ணீர்?

சூடான பொருளிலிருந்து கையை எடுத்த பிறகும், தோலில் ஏறிய வெப்பம் உள்ளே இறங்கிக்கொண்டிருக்கும். குளிர்ந்த நீர் அதை வெளியேற்றிக் காயம் ஆழமாவதைக் குறைக்கிறது. பற்பசை, பேனா மை, மஞ்சள், எண்ணெய் ஆகியவை இதைச் செய்வதில்லை. காயத்தின் ஆழத்தை மருத்துவர் காண முடியாதபடி மறைக்கின்றன. பனிக்கட்டி திசுக்களை மேலும் சேதப்படுத்தும்.

செய்ய வேண்டியவை

1. மின்சார விபத்தாயின், மின் இணைப்பைத் துண்டித்த பிறகே மாணவரைத் தொடவும். ஆடையில் தீப்பற்றினால் ஓடவிடாமல் தரையில் படுத்து உருளச் செய்யவும்.
2. வீக்கம் தொடங்குமுன் மோதிரம், வளையல், கைக்கடிகாரத்தைக் கழற்றவும். தோலோடு ஒட்டிய துணியை இழுக்க வேண்டாம்.
3. கடிகாரத்தைப் பார்த்து 20 நிமிடங்கள் ஓடும் நீரில் காட்டவும். தாமதமானாலும் 3 மணி நேரத்துக்குள் பயன் உண்டு. காயம் பெரிதெனில் உடலின் மற்றப் பகுதியைப் போர்த்தவும்.
4. கொப்புளத்தை உடைக்காமல், சுத்தமான துணியால் தளர்வாக மூடவும்.
5. பேட்டரி அமிலம் பட்டால், அது நனைத்த ஆடையை அகற்றி, 20 நிமிடங்களுக்குக் குறையாமல் கழுவவும். கண்ணில் பட்டாலும் அவ்வாறே கழுவவும்.

எப்போது மருத்துவமனை?

மாணவரின் உள்ளங்கையைவிடப் பெரிய காயம், முகம், கை, மூட்டுகளில் காயம், மின்சாரம் அல்லது அமிலத்தால் ஏற்பட்ட காயம், வெளுத்த அல்லது கருகிய தோல் ஆகியவற்றுக்கு 108-ஐ அழைக்கவும். வலி இல்லை என்று மாணவர் கூறினால் நிம்மதி அடைய வேண்டாம். ஆழமான தீப்புண்ணில் நரம்பு முனைகளும் அழிந்துவிடுகின்றன.

வகுப்புச் செயல்பாடு

பணிமனையிலிருந்து குழாய் எத்தனை அடி தூரம் என மாணவர்களை நடந்து அளக்கச் செய்யலாம். கோடையில் பிற்பகல் 2 மணிக்கு அக்குழாய் நீரைத் தொட்டுப் பார்க்கட்டும். மாடித் தொட்டி நீர் சுடுமாயின், நிழலில் ஒரு மூடிய நீர்த்தொட்டியும் குவளையும் வைப்பதே அவ்வகுப்பின் முடிவாக அமையட்டும். தொடக்கப் பள்ளியின் சத்துணவுக் கூடத்துக்கும் இதே ஏற்பாடு பொருந்தும்.