எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்கும் முன்...

ஒரு குறுவை நடவு சமயம். காலை ஏழு மணி இருக்கும். கூத்தாநல்லூரில் என் வைத்தியசாலை வாசலில் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. அறுபது வயது அம்மாள் ஒருவரை மருமகளும் பக்கத்து வீட்டுப் பையனும் தாங்கிப் பிடித்து இறக்கினார்கள். மகன் வெளிநாட்டில்.

"நேத்து சாயங்காலம் வலது கை மரத்துப்போச்சுன்னாங்கய்யா. வாயுப் பிடிப்புதானேன்னு தைலம் தேய்ச்சுப் படுக்க வெச்சேன். காலையில எழுந்திரிக்கவே முடியல. பேச்சும் குழறுது" என்றார் மருமகள்.

அம்மாளின் வாய் இடது பக்கம் கோணியிருந்தது. வலது கை தூக்கிய உடனே துவண்டு விழுந்தது. பக்கவாதம்! உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். உயிர் பிழைத்தார். ஆனால், அந்தக் கை பழையபடி வரவில்லை.

பிறகொரு நாள் மருமகள் கேட்டார். "அன்னிக்கே கண்டுபிடிச்சிருக்கலாமாய்யா?"

கண்டுபிடித்திருக்கலாம். ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷத்தைச் சொல்லித் தரத்தான் இந்தக் கட்டுரை.

முகம், கை, பேச்சு

நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என எட்டு வகைத் தேர்வுகளைச் சித்த மருத்துவம் சொல்கிறது. நர்ஸுகளுக்குச் சொல்லித் தருவதும் ஏறக்குறைய இதே வழிதான்: முதலில் பார், பிறகு கேள், பிறகு தொடு.

வீட்டில் யாருக்காவது திடீரென்று கை கால் மரத்தால், சிரிக்கச் சொல்லுங்கள். வாய் ஒரு பக்கம் இழுக்கிறதா? கண்ணை மூடி இரு கைகளையும் முன்னால் நீட்டி, பத்து எண்ணும்வரை வைத்திருக்கச் சொல்லுங்கள். ஒரு கை மட்டும் தாழ்கிறதா? ஒரு சின்ன வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். குழறுகிறதா?

மூன்றில் ஒன்று இருந்தாலும் தைலம் வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். வாயில் தண்ணீரோ மாத்திரையோ கொடுக்காதீர்கள், புரையேறிவிடும். கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். மூளை ரத்தக்குழாயில் அடைப்பு என்றால், அதைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ரத்தக் கசிவு என்றால் அந்த ஊசியே ஆபத்து. ஸ்கேன் எடுத்தால்தான் எது என்று தெரியும். அறிகுறி சில நிமிஷத்தில் தானாகவே மறைந்துவிட்டாலும் போய்க் காட்டத்தான் வேண்டும்.

வலியா, பலவீனமா?

'கையைத் தூக்க முடியலை' என்று இரண்டு பேர் வருவார்கள். ஒருவருக்கு வலி உயிர் போகிறது, அதனால் தூக்க முடியவில்லை. இது பெரும்பாலும் தசை, மூட்டு சம்பந்தப்பட்டது. மற்றவருக்கு வலியே இல்லை. இருந்தும் கை எழும்பவில்லை. இங்கே நரம்பையோ மூளையையோ சந்தேகிக்க வேண்டும். வலி இல்லையே என்று அலட்சியமாக இருந்துவிடக் கூடாது.

மூட்டு என்றால் இரண்டு பக்கத்தையும் ஒப்பிடுங்கள். வீக்கம் இருக்கிறதா? புறங்கையை வைத்துப் பாருங்கள், சூடு தெரிகிறதா? ஒரே மூட்டு திடீரென்று வீங்கிச் சிவந்து, காய்ச்சலும் அடித்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

நாற்று நடும் பெண்கள் நாளெல்லாம் குனிந்தே நிற்கிறார்கள். அவர்களுக்கு இடுப்பு வலி சகஜம். மல்லாந்து படுக்கவைத்து, முட்டியை மடக்காமல் காலை மெதுவாகத் தூக்குங்கள். வலி முழங்காலுக்குக் கீழே மின்சாரம் போல ஓடினால், முதுகுத்தண்டில் நரம்பு அழுத்தப்பட்டிருக்கலாம். இடுப்பு வலியோடு சிறுநீர் கட்டிக்கொண்டாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ, கால்கள் பலமிழந்தாலோ ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள்.

பலத்துக்கு ஒரு மார்க்

படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்பவருக்கு ஒரு நோட்டுப் புத்தகம் அவசியம். தசை பலத்துக்கு 0 முதல் 5 வரை மார்க் போடும் முறை இங்கிலாந்தில் வெளியானது. இன்றும் அதுதான் நடைமுறை.

0 - அசைவே இல்லை.
1 - தசை லேசாகத் துடிக்கிறது.
2 - படுக்கையில் பக்கவாட்டில் நகர்கிறது, மேலே எழும்பவில்லை.
3 - எழும்புகிறது, ஆனால் நம் கை தடுத்தால் தாங்காது.
4 - ஓரளவு எதிர்க்கிறது.
5 - முழு பலம்.

தினமும் ஒரே நேரத்தில், இரண்டு கை, இரண்டு காலுக்கும் மார்க் போடுங்கள். 'பரவாயில்லீங்க' என்று சொல்வதைவிட, 'போன வாரம் 2, இப்போ 3' என்று சொன்னால் மருத்துவருக்கு ஆயிரம் விஷயம் புரியும். மார்க் திடீரென்று இறங்கினாலோ, தூக்கத்திலிருந்து எழுப்ப முடியாமல் போனாலோ உடனே ஆஸ்பத்திரி. இடுப்பு, பிட்டம், குதிகால் சிவக்கிறதா என்றும் பாருங்கள். படுக்கைப் புண் அங்கேதான் ஆரம்பிக்கும். இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவையுங்கள்.

தைலமே வேண்டாம் என்று சித்த வைத்தியன் நானே சொல்வேனா? வாத நோய்களை எண்பது வகையாகப் பிரித்த மரபு நம்முடையது. ஆபத்துக் கட்டம் தாண்டி, ஆஸ்பத்திரி டாக்டரும் சம்மதித்த பிறகு, தைலத்துக்கும் ஒரு வேளை வரும். அதுவரை கிண்ணம் அலமாரியிலேயே இருக்கட்டும். முதலில் முகம், கை, பேச்சு!