பிள்ளையின் ரொட்டியில் எத்தனை கிராம்?



கொழுந்து மடுவத்தில் தராசு ஒரு கிலோ குறைத்துக் காட்டினால் நாம் சும்மா இருப்போமா? "ஐயா, இன்னொருக்கா நிறுங்க" என்று கேட்டுவிடுவோம். அதே கவனத்தை அடுப்படிக்கும் கொண்டுவர வேண்டிய வீடுகள் உண்டு. இன்சுலின் ஊசி போடும் பிள்ளை இருக்கிற வீடுகள் அவை. அந்தப் பிள்ளைக்குக் கோதுமையும் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டால் கணக்கு இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இம்முறை பாடம் அவர்களுக்காக. மற்றவர்களும் வாசியுங்கள். பக்கத்துக் காம்பராவில் அப்படி ஒரு பிள்ளை இருக்கலாம்.

சிறு பிள்ளைகளுக்கு வரும் நீரிழிவு பெரும்பாலும் முதலாம் வகை. சீனி அதிகம் தின்றதால் வந்ததல்ல, தாயின் பிழையும் அல்ல. நோயை எதிர்க்க வேண்டிய உடம்பின் சக்தியே தவறுதலாக இன்சுலின் சுரக்கும் கலங்களை அழித்துவிடுகிறது. 1922 ஜனவரியில் கனடாவின் டொரொண்டோ நகரில் 14 வயதுச் சிறுவன் லெனாட் தொம்சனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றினார்கள். அதற்கு முன் இந்த நோய் கண்ட பிள்ளைகள் பிழைக்கவில்லை. ஆகவே கசாயம், மந்திரம் என்று யார் எதைச் சொன்னாலும் ஊசியை நிறுத்தாதீர்கள்.

அதே சக்தி சில பிள்ளைகளின் சிறுகுடலையும் தாக்கும். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளுட்டன் என்ற புரதம்தான் அதைத் தூண்டுகிறது. இதற்கு சீலியாக் நோய் என்று பெயர். முதலாம் வகை நீரிழிவு உள்ள பிள்ளைகளுக்கு இது மற்றப் பிள்ளைகளைவிடக் கூடுதலாக வரும். வயிறு ஊதும், வயிற்றோட்டம் போகும், பிள்ளை வளராது, இரத்தம் குறையும். சில பிள்ளைகளிடம் வெளியே ஒன்றுமே தெரியாது. சாப்பாடு உடம்பில் சேராததால் காரணம் தெரியாமல் சீனி மட்டும் அடிக்கடி இறங்கும். ஒல்லாந்து நாட்டில் 1944-45 பஞ்சத்தில் பாண் கிடைக்காமல் போனபோது இப்படிப்பட்ட பிள்ளைகள் தேறினார்கள், பாண் திரும்பி வந்ததும் மறுபடி விழுந்தார்கள். வில்லெம் டிக்க என்ற பிள்ளை வைத்தியர் கோதுமைமேல் முன்பே கொண்டிருந்த சந்தேகம் இதனால் உறுதியானது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். சந்தேகப்பட்டு நீங்களாகவே கோதுமையை நிறுத்த வேண்டாம். நிறுத்திய பின் இரத்தம் சோதித்தால் நோய் இருந்தும் இல்லை என்று காட்டலாம். முதலில் சோதனை, பிறகு பத்தியம்.

காலையில் ரொட்டியும் சம்பலும் இல்லாமல் லயத்தில் பொழுது விடியுமா என்பீர்கள். விடியும். அரிசி மா, குரக்கன், சோளம், மரவள்ளி, உருளைக்கிழங்கு, பலாக்காய், சவ்வரிசி எதிலும் குளுட்டன் இல்லை. மோசம் போவது மறைந்திருக்கும் கோதுமையில்தான். ரவை, சேமியா கோதுமை என்பது தெரிந்ததே. கடை இடியப்பத்திலும் அப்பத்திலும் கோதுமை மா கலப்பதுண்டு. முறுக்கிலும் அப்படியே. கட்டிப் பெருங்காயத்தில்கூடச் சேர்ப்பார்கள். மோல்ட் கலந்த பானம் பார்லியில் வருவது. குரக்கன் ரொட்டி ஒட்டாமலிருக்க ஒரு பிடி கோதுமை மா தூவுகிறோமே, அதுவும் பிழைதான். ஒரே ரொட்டிக் கல் என்றால் நன்றாகக் கழுவிவிட்டு, பிள்ளையின் ரொட்டியை முதலில் சுடுங்கள்.

இனிக் கணக்கு. "கோதுமை இல்லையே, எவ்வளவு தின்னா என்ன?" என்று ஒரு தாய் எங்களிடம் கேட்டார். இன்சுலினுக்குக் கோதுமையும் தெரியாது, அரிசியும் தெரியாது. அதற்குத் தெரிந்தது மாச்சத்து மட்டுமே. 100 கிராம் அரிசி மாவில் சுமார் 80 கிராம் மாச்சத்து உண்டு, கோதுமை மாவில் சுமார் 75. மாற்றினாலும் பெரிதாகக் குறையவில்லை, பாருங்கள்.

வீட்டில் தராசு இல்லையா? பக்கற்றே தராசு. அரைக் கிலோ அரிசி மாப் பக்கற்றில் சுமார் 400 கிராம் மாச்சத்து. அதை முழுவதும் பிசைந்து ஒரே அளவாகப் பத்து ரொட்டி சுட்டால் ஒரு ரொட்டிக்கு 40. தேங்காய்ப்பூவில் இருப்பது கொஞ்சம்தான், விட்டுவிடலாம். சோறும் அப்படித்தான். கால் கிலோ அரிசியில் ஏறக்குறைய 200 கிராம் மாச்சத்து. வெந்த சோற்றை ஒரே கோப்பையால் அளங்கள். எட்டுக் கோப்பை வந்தால் கோப்பைக்கு 25. தண்ணீர் கூடிக் குறைந்தால் கோப்பை எண்ணிக்கை மாறும், ஆனால் பானைக்குள் இருக்கும் 200 மாறாது.

அவித்த உருளைக்கிழங்கு 100 கிராமில் 20க்குச் சற்றுக் குறைவு. இங்கேதான் ஆபத்து. ஒரு ரொட்டிக்குப் பதிலாக ஒரு சின்னக் கிழங்கைக் கொடுத்துவிட்டு வழக்கமான ஊசியைப் போட்டால், பத்து மணிக்குள் பிள்ளை பள்ளிக்கூடத்தில் மயங்கி விழலாம். அந்த ரொட்டிக்கு ஈடாக 200 கிராமுக்கு மேல் கிழங்கு வேண்டும். தேத்தண்ணியில் போடும் சீனியையும் எண்ணுங்கள், நிறைந்த தேக்கரண்டிக்கு 5 கிராம்.

காலையும் மாலையும் கலப்பு இன்சுலின் போடும் பிள்ளைக்கு அளவு நிலையானது. ஆகவே அந்தந்த வேளை மாச்சத்தும் நாள்தோறும் ஒரே அளவாக, ஒரே நேரத்தில் இருக்க வேண்டும். சாப்பாட்டுக்கு முன் தனி ஊசி போடும் பிள்ளைக்கு எத்தனை கிராமுக்கு ஓர் அலகு என்று டாக்டர் சொல்வார். 10 கிராமுக்கு ஒன்று என்றால் அந்த அரிசி ரொட்டி ஒன்றுக்கு 4 அலகு. இது உதாரணம்தான், உங்கள் பிள்ளையின் கணக்கைக் கிளினிக்கில் கேளுங்கள். கோதுமையை நிறுத்திக் குடல் ஆறியதும் சாப்பாடு நன்றாக உடம்பில் சேரும், சீனி ஏறும். அப்போது இன்சுலின் கூடத் தேவைப்படலாம். பத்தியம் பிழைத்துவிட்டது என்று பயப்பட வேண்டாம், கிளினிக்குக்குப் போங்கள்.

வேர்வை, நடுக்கம், கடும் பசி, தடுமாற்றம் கண்டால் சீனி இறங்கிவிட்டது. வளர்ந்த பிள்ளைக்கு நிறைந்த 3 தேக்கரண்டி சீனியை நீரில் கரைத்து உடனே கொடுங்கள். சிறு பிள்ளைக்கு அளவு குறைவு, அதை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு தடவை. நினைவில்லாத பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், உடனே ஆஸ்பத்திரி.

பள்ளிக்கூட டீச்சருக்கும் பிள்ளைக் காம்பரா அம்மாவுக்கும் இதைச் சொல்லிவையுங்கள். "ஒரு பிஸ்கட்தானே" என்று பாசத்தில் கொடுப்பவர்கள் அவர்கள்தான். ஒரு பழைய கொப்பியில் நேரம், சாப்பாடு, கிராம், ஊசி அளவு, சீனி அளவு என ஐந்து கோடு போட்டு எழுதி, அடுத்த கிளினிக் நாளில் எடுத்துப் போங்கள். எழுத வராவிட்டால் மூத்த பிள்ளை எழுதட்டும்.