கிணற்றைப் பார்த்துவையுங்கள்
ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன் டெல்டா கிராம வீடுகளுக்கு

வெள்ளம் என்றால் ஆற்றுக்கரை உடைந்து வாசற்படி ஏறுவது என்றே நினைக்கிறோம். காவிரி டெல்டாவின் கடைமடையில் இன்னொரு வெள்ளமும் உண்டு. அது தரைக்கு அடியிலிருந்து வரும். மேட்டூர் அணை திறந்ததிலிருந்து வாய்க்காலிலும் வயலிலும் நின்ற தண்ணீரில் ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்கியிருக்கும். அதோடு வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்தால் நிலத்தடி நீர் தரைமட்டம்வரை ஏறிவிடும், கூடத்திலேயே ஊற்றெடுக்கும். வாசலில் மணல்மூட்டை அடுக்கி இதைத் தடுக்க முடியாது. மழை விட்ட பிறகும் பல நாள் வடியாது. ஆகவே மழை பிடிக்குமுன் இவற்றை முடித்துவிடுங்கள்.

கிணறு: உள்சுவரில் அடிக்கு ஒரு கோடு பெயிண்டால் போடுங்கள். தினமும் காலையில், மோட்டார் போடுமுன், தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று எழுதிவையுங்கள். நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே வந்தால் பொருட்களை மேலே ஏற்றத் தொடங்குங்கள்.

கழிவுநீர்த் தொட்டி: நிரம்பியிருந்தால் இப்போதே வண்டி வைத்து எடுத்துவிடுங்கள், ஆளை உள்ளே இறக்கவே கூடாது. எடுத்த கையோடு தொட்டியில் தண்ணீர் நிரப்புங்கள். மண் ஊறிய பிறகு காலியாக இருக்கும் தொட்டியை நிலத்தடி நீர் மேலே தூக்கி உடைத்துவிடும். தரைக்குள் உள்ள குடிநீர்த் தொட்டிக்கும் இதே ஆபத்து. அதையும் நிரப்பியே வையுங்கள்.

மின்சாரம்: தரையோரப் பிளக்குகளை எலக்ட்ரீஷியனைக் கொண்டு உயர்த்துங்கள். மின்கசிவுத் தடுப்பான் இல்லையென்றால் பொருத்துங்கள். தரையில் தண்ணீர் நிற்கும்போது சுவிட்சைத் தொடாதீர்கள். புகாருக்கு மின்னகம்: 94987 94987.

பொருட்கள்: விதைநெல், அரிசி மூட்டைகளைச் செங்கல் அடுக்கிப் பலகைமேல் ஏற்றுங்கள். பட்டா, குடும்ப அட்டை, மருந்துகளை பிளாஸ்டிக் பையில் கட்டிப் பரணில் வையுங்கள்.

வடிகால்: கொல்லை வாய்க்காலில் ஆகாயத்தாமரையை அகற்றுங்கள். ஒரு வீட்டில் அடைத்திருந்தாலும் தெருவே வடியாது. எல்லோரும் சேர்ந்து இறங்குங்கள்.

தண்ணீர் வந்துவிட்டால்

சுவரை ஒட்டிக் குழிவெட்டி இறைக்காதீர்கள். அடிமண்ணும் சேர்ந்து வந்து அஸ்திவாரம் இறங்கும். மண்சுவர் வீட்டில் அடிச்சுவர் ஊறத் தொடங்கியதும் வெளியேறிவிடுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உதவிக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை: 1077. பாம்பு கடித்தால் கட்டுப்போடாமல், கீறாமல் 108-ஐ அழையுங்கள்.

கிணற்று நீர் தெளிவாகத் தெரிந்தாலும் கொதிக்கவைத்தே குடியுங்கள், கழிவுநீர் கலந்திருக்கக்கூடும். கிணற்றில் கிருமி நீக்க, சாதாரண நாளில் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது கணக்கு. வெள்ளம் கலந்த கிணற்றுக்குக் கூடுதலாக வேண்டும். அளவைச் சுகாதார ஆய்வாளரிடம் கேட்டுப் போடுங்கள்.

தெருவில் தனியாக இருக்கும் பெரியவர்களால் கிணற்றுக்குள் எட்டிப்பார்க்க முடியாது. உங்கள் கிணற்றைப் பார்க்கும்போது அவர்கள் கிணற்றையும் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்.