தண்ணி ஊத்தினா செத்துப்போற செடி

செடி வாடினா தண்ணி ஊத்தணும். நம்மில் பல பேருக்குத் தெரிஞ்ச ஒரே தோட்டக்கலை இதுதான். டெக்சாஸ் சேஜ் செடிகிட்ட இந்த ஃபார்முலா பலிக்காது.

அமெரிக்காவின் டெக்சாஸும் வடக்கு மெக்சிகோவும்தான் இதன் சொந்த ஊர். தாவரவியல் பெயர் லூகோஃபில்லம் ஃப்ரூடெசென்ஸ். பேர்ல சேஜ் இருந்தாலும் இது துளசி, புதினா குடும்பத்து சேஜ் இல்லை. இலை சாம்பல் நிறம், பூ ஊதா. 2005-ல் டெக்சாஸ் இதைத் தன் மண்ணுக்கே உரிய மாநிலப் புதர்ச்செடியா (ஸ்டேட் நேட்டிவ் ஷ்ரப்) அறிவிச்சது.

வெயிலை எப்படித் தாங்குது? இலை முழுக்க நுண்ணிய வெள்ளை முடிகள். அவை ஒளியைத் திருப்பி அனுப்பும். இலையை ஒட்டி அசையாத காற்றுப் படலத்தையும் பிடிச்சு வைக்கும். ஹீட் டிரான்ஸ்ஃபர்ல படிச்ச பவுண்டரி லேயர் ஞாபகம் வருதா? அந்தப் படலம் தடிமனானா இலையிலிருந்து ஆவியாகும் நீர் குறையும்.

இதன் பலவீனம் வேர். மண்ணின் சின்னச் சின்ன இடைவெளிகளில் காற்று இருக்கணும். தண்ணி அங்கேயே தேங்கினா வேருக்கு ஆக்சிஜன் கிடைக்காது, அழுகிடும். அழுகின வேரால் தண்ணியை உறிஞ்ச முடியாது. அதனால ஈர மண்ணிலேயே செடி வாடி நிற்கும். அதைப் பார்த்து நாம இன்னும் ஊத்துவோம். கதை அங்கே முடிஞ்சிடும்.

வளர்க்கும் முறை:

1. இடம்: நாள் முழுக்க வெயில். 5 முதல் 8 அடி வரை வளரும், அதனால இடம் விட்டு நடுங்க.

2. மண்: சுண்ணாம்பு மண் பிடிக்கும். களிமண்ணா இருந்தா மேடு கட்டி நடுங்க.

3. குழி: வேரோட வரும் மண்கட்டியைவிட இரண்டு மடங்கு அகலம், ஆழம் மண்கட்டி அளவே போதும்.

4. தண்ணீர்: முதல் வருஷம் மட்டும் கவனிப்பு தேவை. விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டுப் பாருங்க. காய்ஞ்சிருந்தா நல்லா ஊத்துங்க. ஈரமா இருந்தா விட்டுடுங்க. வேர் பிடிச்ச பிறகு டெக்சாஸில் பெரும்பாலும் மழையே போதும்.

5. உரம்: வேண்டாம். போட்டா கிளைகள் ஒல்லியா நீண்டு சாயும்.

6. கத்தரிப்பு: குளிர்காலக் கடைசியில் லேசா. பெட்டி மாதிரி வெட்டிக்கிட்டே இருந்தா பூ குறையும்.

காற்றில் ஈரப்பதம் ஏறும்போதும் மழைக்குப் பிறகும் ஒரேயடியாப் பூக்கும். அதனால 'பாரோமீட்டர் புஷ்'னு ஒரு பட்டப்பெயரும் உண்டு.

சான் ஆன்டோனியோ நகரம் பெரிதும் நம்பியிருப்பது எட்வர்ட்ஸ் நிலத்தடி நீரை. வறட்சியில் நீர்மட்டம் இறங்கினா, புல்தரைக்குத் தண்ணி தெளிக்கும் நாட்களுக்குக் கட்டுப்பாடு வரும். அப்போ புல் பழுத்துடும். வேர் பிடிச்ச சேஜ் செடிக்கு அந்தக் கட்டுப்பாட்டால் எந்தப் பாதிப்பும் இல்லை.