பிரம்பும் பரிசிலும்

1823ஆம் ஆண்டில் பெல்லாரி மாவட்டக் கலெக்டராயிருந்த கேம்பல், தம் மாவட்டப் பள்ளிகளைப் பற்றிச் சென்னை வருவாய் வாரியத்துக்கு ஓர் அறிக்கை விடுத்தார். பரிசும் தண்டனையும் கல்வியில் ஆற்றும் பணியை ஆராயப் புகுவார்க்கு அதிலுள்ள ஒரு செய்தி நல்ல தொடக்கமாகும். காலையில் முதலில் வரும் மாணவனின் உள்ளங்கையில் கலைமகளின் பெயர் எழுதப்படும். இரண்டாமவன் கையில் ஒரு சுழி. புகழுமில்லை, இகழுமில்லை என்பது அதன் பொருள். மூன்றாமவனுக்கு மெல்லிய அடி ஒன்று, நான்காமவனுக்கு இரண்டு, பின்வருவோர்க்கு ஒவ்வொன்றாகக் கூடும். சோம்பித் திரிந்தவன் இரு கைகளும் பிணிக்கப்பட்டுக் கூரையிலிருந்து தொங்கவிடப்பட்டதையும் அவர் குறிக்கிறார். நம் திண்ணைப் பள்ளிகள் இதனைக் கோதண்டம் என்றன.

இவ்வேற்பாட்டை ஊன்றி நோக்குதல் வேண்டும். முப்பது பேரும் விடியுமுன் எழுந்து ஓடிவந்தாலும் முதல்வன் ஒருவனே. எனவே அடி விழுந்தது குற்றத்துக்கன்று, வரிசைக்கே. தொலைவிலிருந்து நடந்து வரவேண்டிய சிறுவன் இதனால் விரைந்து வரக் கற்றிருப்பானா, வாராதிருக்கக் கற்றிருப்பானா?

அமெரிக்க உளவியலறிஞர் தார்ன்டைக், பூனைகளைப் புதிர்ப்பெட்டியில் அடைத்து ஆராய்ந்து 1898இல் தம் முடிவுகளை வெளியிட்டார். இன்பம் தரும் செயல் நிலைபெறும், துன்பம் தரும் செயல் தேயும் என்பதே அவர் பின்னர் வகுத்த விளைவு விதி. ஆயினும் 1930களில் அவரே அதன் பிற்பகுதியைத் தளர்த்தினார். பரிசு ஒரு செயலை வலுப்படுத்தும் அளவுக்குத் தண்டனை அதனை அழிப்பதில்லை என்று கண்டார்.

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம், 17ஆம் பிரிவில், உடல் தண்டனையோடு மனத்தைத் துன்புறுத்துவதையும் தடை செய்தது. பிரம்பை விடுதல் எளிது; நாவை அடக்குதல் அரிது. குறைந்த மதிப்பெண்ணை வகுப்பறிய உரக்கப் படிக்கும் வழக்கம் எம்மிடமும் சில ஆண்டுகள் இருந்தது.

இனிப் பரிசு. 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்னும் மூவர், ஓவியம் தீட்டுவதில் இயல்பாகவே விருப்பமுள்ள மழலையரை ஆராய்ந்தனர். தீட்டினால் சான்றிதழ் உண்டு என முன்கூட்டிச் சொல்லப்பட்ட குழந்தைகள், பின்னர் ஓய்வு வேளையில் ஏனையோரைவிட ஏறத்தாழப் பாதி நேரமே ஓவியம் தீட்டினர். எதிர்பாராது பரிசு பெற்றோரிடம் இக்குறை காணப்படவில்லை.

இவ்வாராய்ச்சியை அறியுமுன்பே இதன் உண்மையை யாம் பட்டறிந்தோம். மாணவர் தாமே விரும்பி நடத்திய கையெழுத்து ஏட்டில் சிறந்த கவிதைக்குப் பரிசு அறிவித்தோம். அவ்வாண்டு ஏடு பருத்தது. மறு ஆண்டு, “ஐயா, இம்முறை பரிசு உண்டா?” என்பதே முதல் வினாவாயிற்று. இல்லை என்றதும் ஏடு நின்றது. தவறு மாணவருடையதன்று.

அதியமான் தம்மை நேரிற் காணாது கொடுத்தனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்ததைப் புறநானூற்றின் 208ஆம் பாடல் கூறும். கண்டு, தகுதி அறிந்து தருவதாயின் தினையளவும் போதும் என்பது அவர் கருத்து. ஆண்டுதோறும் பாடம் நடத்தியும் இப்பாடல் எமக்கு உறைக்கப் பல ஆண்டுகள் ஆயின.

பின்னர்ப் பரிசு அறிவிப்பதை விடுத்து, மாணவர் தரும் ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் நன்றாய் அமைந்ததையும் பிழைத்ததையும் ஓரிரு வரியில் எழுதத் தொடங்கினோம். ஒருநாள் காலை, வகுப்புத் தொடங்க அரைமணி இருக்கையில், கடைசி இருக்கை மாணவர் ஒருவர் துறை வாயிலில் நின்றிருந்தார். “ஐயா, மூன்றாம் அடியில் தளை தட்டுகிறது என்று எழுதியிருந்தீர்கள், மாற்றியிருக்கிறேன், பாருங்கள்” என்றார். அம்முறையும் தளை தட்டத்தான் செய்தது. இருவரும் அமர்ந்து அலகிட்டோம்.